கிரீட் மாட்டின் திமில்

ஜூன் 9, 1987. செவ்வாய்

காலையிலேயே வெயில். காரில் ஏ.சி. செத்துப்போய் எத்தனையோ நாள். லிவர்மோர் வீட்டிலிருந்து போகிற வழியில், டப்ளின் மலை இறக்கத்தில் ஒரு டிரக் குறுக்கே நின்றுவிட்டது, ஃப்ரீவே முழுக்க ஹார்ன். ஹேவர்ட் ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்தால் ரத்தக் குழாய்கள் வரிசையாக, எனக்காகவே. நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் கால் என்னுடையது மாதிரியே இல்லை.

செய்ய வேண்டியவை: பால். மோர்மிளகாய் (பவளம் அக்காவிடம் கேட்க). நித்யாவின் பல் டாக்டர். இவர் வேட்டிக்குக் கஞ்சி. லைப்ரரி.

வேட்டியும் லைப்ரரியும் இவர் பேச்சுக்காக. இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டம். தலைப்பு: "கிரீட் தீவில் ஏறு தழுவல்." கிரேக்க நாட்டுக்குத் தெற்கே கிரீட். அங்கே க்னோசோஸ் என்று ஒரு பழைய அரண்மனை, மண்ணுக்கடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதன் சுவரில் ஒரு ஓவியம். பாய்ந்து வரும் காளை, கொம்பைப் பிடித்தபடி ஒரு ஆள், முதுகுக்கு மேலே தலைகீழாக ஒரு ஆள், பின்னால் கையை நீட்டிக்கொண்டு ஒரு ஆள். நாலு மாதம் முன்னால் பல் டாக்டர் வெயிட்டிங் ரூமில் ஒரு பத்திரிகையில் இந்தப் படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்த மாடுதான்.

"லல்லி, இது ஜல்லிக்கட்டு. சந்தேகமே இல்ல. நம்மாள் கப்பல்ல போயிருக்கான்."

கப்பலில் மாட்டையும் ஏற்றிக்கொண்டா போனான் என்று கேட்டேன். இவர் மதுரைப் பக்கம்தான், ஆனால் ஜல்லிக்கட்டு பார்த்தது லாரி மேலே உட்கார்ந்து. மாடு அந்தப் பக்கம் திரும்பியதும் டிரைவர் சீட்டுக்குள் இறங்கிவிட்டாராம். இது மாமியார் சொன்னது. பேச்சில் வராது.

ஜூன் 11, வியாழன்

லஞ்சில் ஹேவர்ட் லைப்ரரி. க்னோசோஸ் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது, பிள்ளைகள் பிரிவில். இன்னொன்று பெரியது, வேறு கிளையிலிருந்து வரவழைக்கிறேன் என்றாள் அங்கே இருந்த அம்மாள். சின்னதை சாண்ட்விச்சோடு படித்து முடித்தேன்.

இவருக்காக எடுத்தது, எனக்குப் பிடித்துப்போனதுதான் வேடிக்கை. முக்கால்வாசிப் பக்கம் "தெரியாது" என்றுதான் முடிகிறது. எழுதி வைக்கிறேன்:

அவ்வளவு பெரிய இடத்தைச் சுற்றிக் கோட்டைச் சுவர் கிடையாது. ஏன்? எதிரியே இல்லையா? தெரியாது.
கல் நாற்காலி ஒன்று சுவரோரம். உட்கார்ந்தது ராஜாவா, ராணியா, பூசாரியா? தெரியாது.
படி இறங்கிப் போகிற குழி மாதிரி சின்ன அறைகள். குளிக்கவா, கும்பிடவா? தெரியாது.
களிமண்ணில் ஒரு எழுத்து. இன்று வரை ஒருவரும் படிக்கவில்லை.
அரண்மனைதானா, கோயிலா, தானியக் கிடங்கா? அதுவே தெரியாது.
எல்லாம் எப்படி முடிந்தது? பூகம்பம், தீ, படையெடுப்பு. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

என் கேள்வி ஒன்று. இத்தனை அறை இருக்கிற வீட்டை யார் பெருக்கியது? எந்தப் புத்தகமும் இதைக் கேட்கப் போவதில்லை. எங்கள் மூன்று பெட்ரூமைப் பெருக்கவே எனக்கு முதுகு விட்டுப்போகிறது.

படிக்கப் படிக்க உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு மாதிரி இருந்தது. லேபில் நான் "தெரியாது" என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இவருக்கோ எல்லாம் தெரியும்.

ஜூன் 13, சனி

ஊர் ரோடியோ, முரட்டு மாட்டின் மேல் ஏறி விழாமல் உட்காருகிற போட்டி. லிவர்மோரே அங்கேதான். புழுதி, பியர், தொப்பிகள். நித்யா சோளம் தின்றாள், நான் நிழல் தேடினேன். இவர் மட்டும் வேலியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு மாட்டையே பார்த்தபடி. ஆராய்ச்சியாம்.

இடைவேளையில் மாடு ஏறுகிற ஆள் ஒருவனைப் பிடித்துவிட்டார். கையில் கட்டு, வாயில் புகையிலை. பத்திரிகைப் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, கொம்பைப் பிடித்து இப்படித் தாண்ட முடியுமா என்று கேட்டார். அந்த ஆள் படத்தை நேராக, தலைகீழாக, எல்லாம் பார்த்தான். சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். கொம்பைத் தொட்டால் மாடு தலையை மேலே தூக்கிக் கொடுக்காது, பக்கவாட்டில் வீசும், தாண்டுகிறவன் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விழுவான், இதை வரைந்தவர் மாட்டுக்குப் பக்கத்தில் போயிருக்க மாட்டார் என்றான்.

நி. எட்டிப் பார்த்து, "வேர் இஸ் தி ஹம்ப், அப்பா? நம்ம ஊர் மாட்டுக்கு ஹம்ப் இருக்கும்னு சொன்னீங்களே?" (முதல் பாதி இங்கிலீஷ், இரண்டாம் பாதி தமிழ். அதிசயம்.)

இவர் விரல் வைத்துக் காட்டினார். கழுத்துக்குப் பின்னால் கோடு கொஞ்சம் மேடாக இருக்கிறதாம். அதுதான் திமில். பேச்சே அந்த மேட்டின் மேல்தான் நிற்கிறது. திமில் இருந்தால் நம் மாடு, நம் மாடு என்றால் நம் ஆள்.

திரும்பும்போது இவர் எங்கள் தெருத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார். வெயில் என்று நினைத்தேன்.

ஜூன் 15, திங்கள்

இவர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். டை கழற்றாமல் சோபாவில்.

பம்ப் கம்பெனியில் இவர் பிரிவுக்குப் புதுத் தலைவர். கெவின். மூன்று வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது இவர்தான் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் வந்து தோசை தின்றுவிட்டுப் போன பையன்.

"நல்ல பையன்தான்" என்றார்.

ரசம் சாதம் பாதியில் வைத்துவிட்டார். நி. பல்லில் இரண்டு சொத்தை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, சோளத்தின் மேல் கோபப்பட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

கராஜில் நின்று பேச்சுப் பழகுகிறார். வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு "அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே". பிறகு சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டு. எனக்கு அது போதும். ஞாயிறு வரை இந்த மாடு இவரை இழுத்துக்கொண்டு போகட்டும். அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 17, புதன்

பெரிய புத்தகம் வந்துவிட்டது. வந்திருக்க வேண்டாம்.

லஞ்சில் புரட்டினேன். அந்த ஓவியம் ஒரு முழுப் பக்கம். எதிர்ப் பக்கத்தில் அதையே கோட்டுப் படமாகப் போட்டிருக்கிறார்கள். தோண்டும்போது கிடைத்த துண்டுகள் கறுப்பு. இடைவெளியை நிரப்ப நம் காலத்தில் வரைந்து சேர்த்தவை வெள்ளை. அரண்மனையிலும் பாதி அப்படித்தானாம். அந்தச் சிவப்புத் தூண்கள்கூட இந்த நூற்றாண்டு சிமென்ட்.

இவருடைய மேடு வெள்ளையில் இருக்கிறது. கறுப்பு அந்த இடத்துக்கு முன்னால் நின்றுபோய், முதுகின் நடுவில்தான் மறுபடி தொடங்குகிறது. நடுவில் இருக்கிற கோடு, யாரோ ஒரு ஓவியர் இப்படித்தான் போயிருக்கும் என்று இழுத்தது. அவர் கை கொஞ்சம் ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தின் மேல் இவர் ஒரு கப்பலையே ஓட்டிவிட்டார்.

சாண்ட்விச்சைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

சொல்லலாம். "இங்க பாருங்க" என்று நீட்டினால் போதும், ஒரு நிமிஷ வேலை. திங்கட்கிழமை சோபாவில் உட்கார்ந்திருந்த முகத்தை நினைத்தேன். சொல்லவில்லை. புத்தகம் கார் டிக்கியில், ஸ்பேர் டயருக்கடியில்.

"லைப்ரரி என்ன ஆச்சு?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வந்ததே என்று இருந்தது. "பரவால்ல, நானே பாத்துக்கறேன்" என்றார்.

ஜூன் 18, வியாழன்

மலையில் புகை. எங்கேயோ புல் எரிகிறது.

இவர் சங்கச் செயலாளர் வரதனோடு போனில். சமையலறையில் இருந்தே கேட்டது.

"பேச்சு நீளம் பரவால்ல வரதன், குறைச்சுக்கறேன். கேள்வி நேரம் நல்லா குடுங்க. அதான் முக்கியம்."

சங்கத்தில் கேள்வி நேரம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பேச வந்தவரை நிற்க வைத்துத் தோலை உரிக்கிற நேரம். அதைத் தொடங்கி வைக்கிறவர் எப்போதும் டாக்டர் குணரத்தினம். போன தை மாதம் ஒருவர் சோழர் கப்பல் பற்றிப் பேசிவிட்டு டாக்டரின் முதல் கேள்வியிலேயே தண்ணீர் கேட்டார். டாக்டர் தொடங்கினால் போதும், பின்னால் ஆளாளுக்குக் கை தூக்குவார்கள். போதாக்குறைக்கு டாக்டர் கிரீட்டுக்கே போனவர். ஏதென்ஸில் கான்பரன்ஸ், அங்கிருந்து கப்பலில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் ஸ்லைடு போட்டார்.

இவருக்கோ தைரியம் தலைக்கேறிவிட்டது. கேள்வி கேளுங்கள் என்று கூப்பிட்டு வாங்கிக்கொள்ளப் போகிறார்.

இவர் புல்லுக்குத் தண்ணீர் விடப் போனதும் பவளம் அக்காவுக்கு, டாக்டரின் மனைவிக்கு, போன் பண்ணினேன்.

"ஓம் லலிதா, சொல்லும்."

மோர்மிளகாயில் தொடங்கினேன். பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவர் தம்பியைப் பற்றிக் கேட்டேன். இன்னும் ஒரு தகவலும் இல்லையாம். லைனே கிடைக்கவில்லையாம். அந்த நேரத்தில் நான் போய் ஒரு மாட்டுக்காகக் கெஞ்சுவது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். இவருக்கு ஆபீசில் மனசு சரியில்லை.

"அதென்னப்பா, கேள்வி கேக்க வேண்டாமோ? இவருக்குச் சாப்பாட்டிலும் பாக்க அதுதானே விருப்பம்."

"இந்த ஒரு தடவை மட்டும் அக்கா."

"சரி. நான் சொல்லி வைக்கிறன். வாயே திறக்க மாட்டார். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதேயும்."

போனை வைத்ததும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி. ஒரு வாரத்தில் முதல் தடவையாகக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் காப்பி குடித்தேன்.

ஜூன் 20, சனி

எலுமிச்சை சாதம் சங்கத்துக்கு, என் தலையில். வாங்கியவை: எலுமிச்சை, கடலை, பச்சை மிளகாய் (இங்கத்தி மிளகாய்க்குக் காரமே இல்லை, இரண்டு மடங்கு), பெரிய அலுமினிய ட்ரே, பேப்பர் தட்டு.

இவர் வேட்டியைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. ப்ரொஜெக்டரில் வைத்துக் காட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் இரண்டு அதிகமாக வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ வரைகிறார்.

மத்தியானம் நி.க்கு முழுப் பேச்சையும் சொல்லிக் காட்டினார். அவள் கடைசி வரை உட்கார்ந்தாள், பாவம். முடிந்ததும், "ஹவ் டு யூ நோ?" என்று கேட்டாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். "குட் கொஸ்டின்" என்று சொல்லிச் சிரித்தார். இந்த வாரத்தில் இவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல வேலை செய்தாய் லலிதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

அப்பாக்கள் தினமாம். நி. கார்டு கொடுத்தாள். தொப்பி வைத்த ஒரு மாடு, மேலே அப்பா.

ஸ்கூல் கஃபெடேரியாவில் கூட்டம். மைக் கரகரவென்று. குழந்தைகள் எல்லாம் வெளியே ஓடிவிட்டன, நி.யும்.

பேச்சு நன்றாகவே போயிற்று. நானே எதிர்பார்க்கவில்லை. சுற்றுச்சுவர் இல்லாத அரண்மனை, படிக்க முடியாத எழுத்து, குழி அறைகள். எல்லாம் அழகாகச் சொன்னார். திமில் வந்ததும் கை தட்டல். ஒருவர் விசிலே அடித்தார். இவர் கை தட்டல் நிற்கும் வரை கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை என்று நினைத்தேன்.

"இப்ப கேள்வி நேரம்" என்றார் வரதன்.

எல்லாரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் தொடங்காததால் மற்றவர்களும் தொடங்கவில்லை. சாம்பார் வாசனை வேறு வந்துவிட்டது.

இவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். "ஏதாவது கேள்வி?" பிறகு, "எந்தக் கேள்வியா இருந்தாலும் பரவால்ல."

நாற்காலி நகரும் சத்தம் மட்டும்.

"டாக்டர், நீங்க நேர்லயே பாத்திருக்கீங்க. அந்த ஓவியத்தைப் பத்தி... ஏதாவது தோணியிருக்குமே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த பேப்பர் தட்டுக் கட்டைப் பார்த்தேன்.

"அருமையான பேச்சு, சுந்தரம். கேள்வி ஒண்டும் இல்லை."

"கேள்வி இல்லைன்னா சாப்பிடப் போகலாம்" என்றார் வரதன். அவ்வளவுதான். போய்விட்டார்கள். இவர் ஷீட்டுகளை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஷீட் ப்ரொஜெக்டரில் ஏறவே இல்லை.

எலுமிச்சை சாதம் மீதமில்லை. நாலு பேர் செய்முறை கேட்டார்கள். என்னிடம் மட்டும் கேள்வி மேல் கேள்வி.

கார்ச் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயித்த களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். எனக்கே நம்பிக்கையில்லை.

ஜூன் 22, திங்கள்

வெயில் இன்னும் கூட. லேபில் ஒரு பெண் லீவு, அவள் வேலையும் எனக்கு.

சாப்பிடும்போது இவர் அந்த இரண்டு ஷீட்டையும் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கோட்டுப் படம். கறுப்பு மையில் துண்டுகள், மற்றதெல்லாம் வெள்ளை. கழுத்துக்குப் பின்னால் அந்த வெள்ளை இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"அந்த ரோடியோக்காரன் சொன்னதுலேந்தே உறுத்தல். ஆபீஸ் பக்கத்து லைப்ரரில போய்ப் பாத்தேன். திமில் பின்னால வரஞ்சது. நெஜத்துல இருந்துதா இல்லையா, யாருக்கும் தெரியாது."

"அப்ப பேச்சிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நானா போய்ச் சொன்னா தோத்துப்போன மாதிரி. டாக்டர் கேப்பார், விட மாட்டார். கேட்டதும் இந்த ஷீட்டப் போட்டு, 'நல்ல கேள்வி டாக்டர், தெரியாது, ஆனா ஏன் தெரியாதுன்னு காட்டறேன்'னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் சனிக்கிழமை பூரா உக்காந்தேன்." தட்டில் சாதத்தை ஒதுக்கினார். "மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அப்பவும் ஒண்ணும் இல்லன்னுட்டார். கேக்கற அளவுக்குக்கூட அதுல ஒண்ணும் இல்ல போலருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள், "ஆபீஸ்லயும் அப்படித்தான். என் டெஸ்க்கத் தாண்டித்தான் கெவின் ரூமுக்குப் போகணும். எல்லாரும் தாண்டிப் போறாங்க. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்ல லல்லி" என்றார்.

இதற்கப்புறம் எப்படிச் சும்மா இருப்பது. சொல்லிவிட்டேன். டிக்கியில் புத்தகம். பவளம் அக்காவுக்குப் போன் பண்ணியது. டாக்டரை நான்தான் கேட்க விடாமல் பண்ணியது. எல்லாம் ஒரே மூச்சில், ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். தண்ணீர் குடித்தார். ஷீட்டைப் பார்த்தார். அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்ப நீ கேளு."

"என்ன?"

"டாக்டர் கேட்டிருக்க வேண்டியத நீ கேளு."

கரண்டியைக் கீழே வைத்தேன். தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

"அந்த மாட்டுக்குத் திமில் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, எழுந்து நின்றார்.